எட்டே காலுக்கு வர வேண்டிய விமானம்

அத்தியாயம் 9

உட்காரச் சொல்லாத இடத்தில் முதலில் உட்காருவது அண்ணியின் வழக்கம். இன்ஸ்பெக்டர் ஃபைலிலிருந்து நிமிர்வதற்குள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. இன்னொரு நாற்காலியை, எங்களை உதவிக்குக் கூட்டி வந்த டெய்லர் அக்காவுக்கு விட்டுவிட்டு நான் நின்றேன். அவளும் உட்காரவில்லை. அடுத்த அறையில் கம்பிக்குப் பின்னால் புருஷன் நிற்கும்போது யாருக்கு உட்காரத் தோன்றும்?

விஷயம் இதுதான். முந்தாநாள் காலையில் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் தன் வீட்டு முன்னறையில் இறந்து கிடந்தார். பல் டாக்டர்கள் சங்கத்தில் அவருக்குக் கொடுத்த பரிசு ஒன்று, பல் வடிவத்தில் வெண்கலத்தில் செய்தது, ஐந்து கிலோ இருக்கும். அதாலேயே மண்டையில் போட்டிருந்தார்கள். உயிர் போனது ஏழுக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவில் என்று போலீஸ் டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் வீட்டில் இருந்த ஒரே ஆள் டிரைவர், அதாவது டெய்லர் அக்காவின் வீட்டுக்காரர். பின்பக்கம் குழாயைத் திறந்துவிட்டு, ரேடியோவைப் பாடவிட்டு, காரைக் கழுவிக்கொண்டிருந்தேன், ஒரு சத்தமும் காதில் விழவில்லை என்கிறார். அந்த வெண்கலப் பல்லைத் தினமும் துடைத்து வைப்பவரும் அவர்தான், அதனால் அதன் மேல் முழுக்க அவர் கைரேகை. முதல் நாள் லீவு கேட்டு டாக்டரோடு வாக்குவாதம் வேறு. போலீசுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

"உன் புருஷன் பேனாவையே தொட மாட்டேங்கிறான்மா," என்றார் இன்ஸ்பெக்டர் டெய்லர் அக்காவிடம். "செஞ்சேன்னு ஒரு கையெழுத்துப் போட்டா தண்டனை குறையும். எடுத்துச் சொல்லு. நாலு மணிக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

"செய்யாததுக்கு எப்படி சார் போடுவார்?" என்றாள் அவள். அழுது தீர்த்த குரல் இல்லை. துணியை அளவு பார்த்து வெட்டுகிறவளின் குரல்.

அண்ணி ஃபைலைக் கேட்டார். கொடுக்க முடியாது என்றார் இன்ஸ்பெக்டர். கொடுக்க வேண்டாம், நீங்களே படியுங்கள், மாப்பிள்ளை எழுதிக் கொடுத்ததை மட்டும் படித்தால் போதும் என்றார் அண்ணி. டாக்டரின் மாப்பிள்ளைதான் உடலை முதலில் பார்த்தவர். 588 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் துறைமுக ஊரிலிருந்து அன்று காலை விமானத்தில் வந்தவர். டாக்டரின் மகள் ஒரு மாதமாகப் புருஷனோடு இல்லை, தோழி வீட்டில் இருக்கிறாள். டாக்டர் மகள் பக்கம் நின்று, பிரிவதற்கு வேண்டியதைச் செய்துகொண்டிருந்தார். மாமனாரிடம் சமாதானம் பேச வந்ததாக மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் சலிப்போடு படித்தார். ஆறரைக்கு விமானம் புறப்பட்டது. தூரம் 588 கிலோமீட்டர், வானத்தில் ஒரு மணி ஐந்து நிமிடம். ஏழு நாற்பதுக்கு இறங்கி, ஏழே முக்காலுக்கு வெளியே வந்து, டாக்சி பிடித்து எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மாமனார் கிடந்ததைப் பார்த்தேன். எட்டு ஐந்துக்கு ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

"டிக்கெட்டுல எட்டே கால்னு போட்டிருக்குமே சார்?" என்றார் அண்ணி.

இன்ஸ்பெக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியில் சாய்ந்தார். விமானக் கம்பெனிக்காரர்கள் நேரத்தைத் தாராளமாகப் போட்டுக்கொள்வார்கள், ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒண்ணே முக்கால் மணி என்று அட்டவணை போட்டால் எந்தக் காலத்திலும் தாமதம் ஆகாது பாருங்கள், அதற்காக. அந்த விமானம் தினமும் ஏழு நாற்பதுக்கே வந்துவிடும். கம்பெனி கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் தானே நேரில் போய்க் கேட்டதாகச் சொன்னார். "ஊர் உலகத்துக்குத் தெரியாததை எல்லாம் நாங்களும் தோண்டுவோம் மைக்கம்மா."

மைக்கம்மா என்பது அண்ணியின் பட்டப்பெயர். பதினோரு வருடம் அந்த விமான நிலையத்தில் அறிவிப்பு சொன்ன குரல் அவருடையது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். வானிலை சரியில்லை என்று சொல்லச் சொன்னார்கள். வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அண்ணி மைக்கைப் பிடித்து, "விமானி இன்னும் வந்து சேரவில்லை, அதனால் தாமதம்" என்று மூன்று மொழியில் சொல்லிவிட்டார். அன்றோடு வேலை போனது. அதன் பிறகுதான் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்து இந்தத் துப்பறியும் தொழில். என் அண்ணன் கப்பலில் என்ஜின் பார்க்கிறார், வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். அதனால் அவருடைய ஸ்கூட்டர் எனக்கு, அவருடைய தம்பி அண்ணிக்கு என்று பாகம் பிரித்துவிட்டோம்.

வெளியே வந்ததும் டெய்லர் அக்கா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு மணிக்குள் முடியுமா என்று மட்டும் கேட்டாள். முடியும் என்று அண்ணி சொல்லவில்லை. "நீ இங்கேயே இரு. அவர் உன்னைப் பாக்குற மாதிரி நில்லு. பேனா பக்கம் கை போகாது," என்றார்.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது நான் கேட்டேன், மாப்பிள்ளை மேல் ஏன் கண் என்று.

"தம்பி, போன மாசம் நீ மலை ஊருக்குப் போயிட்டு வந்தியே, பயணம் எப்படின்னு கேட்டதுக்கு என்ன சொன்ன?"

"பக்கத்து சீட்டுக்காரன் என் தோள்ல தூங்கினான், எச்சில் ஒழுகிச்சுன்னு சொன்னேன்."

"எத்தனை கிலோமீட்டர்னு சொன்னியா?"

எனக்கு அந்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று இன்றுவரை தெரியாது. மாமனார் மண்டை உடைந்து கிடக்கிறார், கூப்பிட்ட குரலுக்குப் போலீஸ் வந்து நிற்கிறது, இந்த மனிதர் 588 கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம் என்று பாடப் புத்தகம் ஒப்பிக்கிறார். சிக்னலில் நின்றபோது போனில் தேடிப் பார்த்தேன். இரண்டு விமான நிலையத்துக்கும் நடுவில் தூரம் 588, பறக்கும் நேரம் 1:05. புள்ளி மாறாமல் அதே. முந்தாநாள் அந்த விமானம் எப்போது இறங்கியது என்று தேடினால் மட்டும் எட்டே கால் என்று வந்தது.

"அது வரும்," என்றார் அண்ணி. "அந்த வண்டவாளம் எனக்குத்தான் தெரியும்."

வழியெல்லாம் காதில் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டு வந்தார். நம் விமான நிலையத்தில் சீக்கிரம் வந்த விமானத்துக்குப் பலகையில் இடம் கிடையாது. ஒரு காலத்தில் வந்ததும் வந்தது என்று போட்டார்கள். வரவேற்க வந்தவர்கள் எல்லாம், நாங்கள் எட்டே காலுக்குத்தானே வந்தோம், எங்கள் ஆளைத் தனியாக நிற்க வைத்துவிட்டீர்களே என்று கவுண்டரில் சண்டைக்கு வந்தார்கள். மேலதிகாரி ஒருவர் ஒரே வரியில் உத்தரவு போட்டார்: அட்டவணை நேரத்துக்கு முன்னால் எந்த விமானமும் வரவில்லை. அன்று முதல் ஏழு நாற்பதுக்கு வந்தாலும் பலகை எட்டே காலுக்குத்தான் 'வந்தது' என்று காட்டும், பதிவேட்டிலும் அதையே ஏற்றுவார்கள். அண்ணியே பதினோரு வருடம் அந்தப் பொய்யை மைக்கில் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருந்தது, பாதி அவர் மேலேயே.

அண்ணியின் கணக்கு எனக்குப் புரிந்தது. பயணிகள் எல்லோரும் ஏறிவிட்டால் சில நாள் பத்து நிமிடம் முன்பே புறப்பட்டுவிடுவார்கள். பின்காற்றும் சேர்ந்தால் ஏழு இருபதுக்கே தரையில் இருக்கும். பெட்டி இல்லாதவன் ஐந்து நிமிடத்தில் வெளியே. கால் மணி நேரத்தில் வீடு. ஏழு நாற்பதுக்கு வெண்கலப் பல்லைத் தூக்கலாம். அன்று விமானம் ஏழு இருபதுக்கு இறங்கியது என்பதற்கு ஒரு ஆதாரம் கிடைத்தால் போதும்.

ஊழியர் வாசலில் காவல்காரர் அண்ணியைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் வைத்தார், ஆனால் கதவைத் திறக்கவில்லை. அவர் அறைச் சுவரில் அண்ணியின் போட்டோ ஒட்டியிருந்தது, உள்ளே விடக் கூடாதவர் என்ற தலைப்போடு. ஆறு வருட வெயிலில் வெளுத்திருந்தது.

"போட்டோ நல்லா வந்திருக்கு அண்ணி. கல்யாணத்துக்கு எடுத்ததை விட," என்றேன்.

அண்ணி என்னை முறைத்தார். காவல்காரரும் சங்கடத்தில் நெளிந்தார், மேலிடத்து உத்தரவம்மா என்றார். உங்களைக் கேட்கவில்லை, வேலி பொதுச் சாலையில்தானே இருக்கிறது, சாலையில் நிற்க யாருடைய உத்தரவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணி ஸ்கூட்டரில் ஏறினார்.

விமான நிலையத்தைச் சுற்றி நாலு கிலோமீட்டர் கம்பி வேலி. அதன் கடைசி மூலையில், ஓடுபாதை முடியும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் இருப்பவருக்கு வேலை பறவை விரட்டுவது. விமானம் வரும்போது பருந்தோ கொக்கோ குறுக்கே வந்தால் குழாய்த் துப்பாக்கியில் வெடி போட்டுக் கலைப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் வெடியண்ணன். ஐம்பத்தைந்து வயது இருக்கும், காது கொஞ்சம் மந்தம், தொழில் அப்படி.

அண்ணியை வேலிக்கு வெளியே பார்த்ததும் வெடியண்ணன் முகம் மலர்ந்தது, அடுத்த நொடியே சுருங்கியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் கம்பி அருகே வந்தார். நலம் விசாரிக்கிற நேரமா இது? அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தார். முந்தாநாள், துறைமுக ஊர் விமானம், எத்தனை மணிக்குத் தரையைத் தொட்டது? ஏழு இருபதா?

வெடியண்ணன் சிரித்தார். "ஏழு இருபதா? எட்டு பதினொண்ணு."

காது கேட்காமல் சொல்கிறாரோ என்று நான் இன்னும் சத்தமாகக் கேட்டேன். எட்டு பதினொன்றுதான் என்று அவரும் அதே சத்தத்தில் சொன்னார். பிறகு கதை வந்தது. அன்று காலை ஏழு முப்பத்தாறுக்கு ஒரு தாய் நாயும் மூன்று குட்டிகளும் ஓடுபாதையின் நட்டநடுவில். வேலியில் ஒரு ஓட்டை இருக்கிறது, இவர் மூன்று முறை எழுதிக் கொடுத்தும் யாரும் அடைக்கவில்லை, அது வழியாக உள்ளே வந்தவை. வெடி போட்டால் பறவை பறக்கும், நாய் என்ன செய்யும்? பயந்துபோய் குட்டிகளைச் சுற்றிச் சுற்றி அங்கேயே நின்றது. பதினாலு வெடி வீண். கடைசியில் இவரே ஓடிப் போய் குட்டிகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வர, தாய் பின்னாலேயே வந்தது. அந்த அரை மணி நேரமும் விமானம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

"அரை மணி நேரம் சுத்தினதை யாரும் கேக்கலையா?" என்றேன்.

"கதவு திறந்தப்ப கரெக்டா எட்டே கால். அட்டவணைப்படி வந்துருச்சே! தாமதமானாத்தான் ஏன் தாமதம்னு கேட்டு எழுதுவாங்க. இதுக்கு என்னன்னு எழுதுவாங்க?"

நான் ஸ்கூட்டருக்கு நடந்தேன். எல்லாம் ஊத்திக்கொண்டது. சீக்கிரம் வந்தது என்று நிரூபிக்கப் போய், தாமதமாக வந்தது என்று தெரிந்துகொண்டு வருகிறோம். எட்டு பதினொன்று வரை மாப்பிள்ளை ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தார், கொலை ஏழே முக்காலுக்குள். இதை இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் எங்களுக்கு மாலை போட்டு அனுப்புவார். டெய்லர் அக்காவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

அண்ணி நகரவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"தம்பி, இங்க வா. இன்ஸ்பெக்டர் அந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனார்?"

நோட்டைப் புரட்டினேன். எட்டு ஐந்துக்குப் போன். ஸ்டேஷன் அதே தெரு முனை. எட்டு பத்துக்கு ஜீப் வாசலில்.

"கேட்டைத் திறந்துவிட்டது யாரு?"

மாப்பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எட்டு பத்து. விமானம் இன்னும் தரையைத் தொடவில்லை.

அண்ணி சிரிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது, கோபத்தில். "வருஷம் முன்னூத்தி அறுபத்தஞ்சு நாளும் அந்தப் பலகை பொய் சொல்லும். அன்னிக்கு ஒரு நாள் உண்மையைச் சொல்லியிருக்கு. ஒருத்தரும் நம்பல, பாரு."

இனி யோசிக்க ஒன்றுமில்லை. மாப்பிள்ளை முதல் நாளே வேறு வழியில் இங்கே வந்துவிட்டார். அவர் டிக்கெட்டில், அவர் அடையாள அட்டையோடு, அவர் சாயலில் இருக்கிற யாரோ விமானத்தில் வந்திருக்கிறார்கள். முதல் தடவை விமானம் ஏறுகிறவனாக இருந்தால் டிக்கெட்டில் போட்டிருக்கும் எட்டே காலை நம்பி, எட்டரைக்குத்தான் வீட்டு வாசலுக்கு வந்திருப்பான், தப்பித்தும் இருப்பான். மாப்பிள்ளை மாதம் நாலு தடவை அதே விமானத்தில் போய் வருகிறவர். ஏழு நாற்பதுக்கு வந்துவிடும் என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். போனில் ஒரு தட்டுத் தட்டி விமானம் இப்போது எங்கே என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. தினமும் ஏறுகிற பஸ்ஸுக்கு யார் நேரம் பார்க்கிறார்கள்? தவிர, அந்த அரை மணி நேரத்தில் அவர் கைக்கு வேறு வேலை இருந்தது.

ஆனால் இதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது? வெடியண்ணனிடம் இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் அவர் கணக்குச் சொல்ல வேண்டும், போட்ட நேரத்தோடு. பதிவேட்டை எடுத்து வந்து கம்பி வழியாகக் காட்டினார். 7:36 முதல் 8:08 வரை பதினாலு வரிகள். காரணம் என்ற இடத்தில் பதினாலு முறையும் 'பறவை' என்று எழுதியிருந்தது. நாய் என்று எழுதினால் ஓடுபாதைக்கு நாய் எப்படி வந்தது என்று இவர் கழுத்தைத்தான் பிடிப்பார்கள்.

இதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்றார் அண்ணி. வெடியண்ணன் பதிவேட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டார். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, பொய்யாக எழுதினாய் என்று நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். நியாயம்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்களை அன்னிக்கு வெளிய அனுப்பினப்ப நாங்க எல்லாரும் பாத்துட்டுத்தான் நின்னோம். ஒருத்தரும் வாயைத் திறக்கல," என்றார்.

"அதைக் கேக்க நான் வரல," என்றார் அண்ணி. "கார் கழுவிட்டு இருந்த ஒரு மனுஷனை நாலு மணிக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அவர் செய்யலைன்னு தெரிஞ்ச ஆளு இப்ப நாம மூணு பேர். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. மூணே முக்கால் வரைக்கும் ஸ்டேஷன்லதான் இருப்பேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிக் கறாராகப் பேசினால் யார் வருவார்கள், காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு போக வேண்டாமா என்று வழி முழுக்கப் புலம்பினேன். காலில் விழுந்து கூட்டிக்கொண்டு போனால் ஸ்டேஷன் வாசலோடு திரும்பிவிடுவார், அவராக வந்தால்தான் நிற்பார் என்றார் அண்ணி. அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று இருபதுக்கு நாங்கள் உள்ளே நுழைந்தபோது மாப்பிள்ளையும் அங்கே இருந்தார். கோர்ட்டுக்குப் போகும் காகிதங்களில் சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தார். நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை. டெய்லர் அக்கா காலையில் நின்ற அதே இடத்தில் நின்றாள். கம்பிக்குப் பின்னால் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முன்னால் ஸ்டூலில் காகிதமும் பேனாவும் தொடாமல் கிடந்தன.

அண்ணி மாப்பிள்ளையிடம் துக்கம் விசாரித்தார். பிறகு சாதாரணமாக, அன்றைக்குப் பயணம் எப்படி என்று கேட்டார்.

"வழக்கம் போலத்தான். ஏழு நாற்பதுக்கு இறங்கியாச்சு."

"மேல எங்கயும் சுத்தலையா?"

ஒரு நொடி. ஒரே நொடிதான், ஆனால் நான் பார்த்தேன். "எதுக்குச் சுத்தணும்?" என்றார்.

"இதையும் எழுதிக்கோங்க சார்," என்று அண்ணி இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். பிறகு நாய், குட்டிகள், எட்டு பதினொன்று எல்லாவற்றையும் சொன்னார். இன்ஸ்பெக்டர் கடைசி வரை கேட்டுவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். நாய்க் கதை சொல்லி எனக்கே காது குத்துகிறீர்களா, எழுத்தில் என்ன இருக்கிறது என்றார். மாப்பிள்ளையும் பெருந்தன்மையாகச் சிரித்தார். கடிகாரம் மூன்று முப்பத்தைந்து காட்டியது. வாசலைப் பார்த்தேன். ஒரு காக்காகூட இல்லை.

மூன்று நாற்பது. ஜீப்பைக் கிளப்பச் சொல்லி இன்ஸ்பெக்டர் குரல் கொடுத்தார். டெய்லர் அக்கா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி நாற்காலியை விட்டு எழவில்லை.

மூன்று நாற்பத்திரண்டுக்கு வாசலில் ஒரு சைக்கிள் வந்து சாய்ந்தது. வெடியண்ணன். கக்கத்தில் பதிவேடு. சட்டைப் பொத்தான் இடைவெளியில் ஒரு நாய்க்குட்டியின் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"மூணுல இது ஒண்ணு. மத்த ரெண்டும் கொட்டகையில இருக்கு. வேணும்னா வந்து பாருங்க," என்று இன்ஸ்பெக்டர் மேஜையில் பதிவேட்டை விரித்தார். பதினாலு வரியிலும் 'பறவை' என்பதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு 'நாய்' என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தும் போட்டிருந்தார். காது மந்தமானவர்களுக்கே உரிய பெரிய குரலில், "வேலை போனா போகட்டும். விமானம் இறங்குனது எட்டு பதினொண்ணு. என் தலைக்கு மேலதான் இறங்குச்சு," என்றார். குட்டி ஒரு முறை குரைத்தது.

அண்ணி மெல்லக் கேட்டார்.

"சார், எட்டு பத்துக்கு நீங்க ஜீப்பை விட்டு இறங்கினப்ப கேட்டைத் திறந்தது யாரு?"

இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் பார்த்தார். அவருக்குக் கணக்கு ஓடிவிட்டது. அவர் கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறுவது தெரிந்தது.

"அந்த விமானம் தரையைத் தொட்டப்ப நீங்க இவர் தோள்ல கையை வெச்சு ஆறுதல் சொல்லிட்டு இருந்தீங்க சார். அப்ப இவருக்குப் போன் ஏதாவது வந்துச்சா? எட்டே கால், எட்டு இருபது அந்த மாதிரி?"

வந்திருந்தது. அது இன்ஸ்பெக்டர் முகத்திலேயே எழுதியிருந்தது. எடுங்கள், பரவாயில்லை என்று அவரே சொன்னாராம், அது ஒன்றுமில்லை சார் என்று மாப்பிள்ளை கட் பண்ணினாராம். இப்போது இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. வக்கீல் வரட்டும் என்று ஏதோ ஆரம்பித்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் போன் மேஜைக்கு வந்தது.

முந்தாநாள், காலை எட்டு பதினேழு, எடுக்காத அழைப்பு ஒன்று. கூப்பிட்டது மாப்பிள்ளையின் கூடப் பிறந்த தம்பி. விமானம் இறங்கி, போனைப் போட்டதும் முதல் வேலையாக அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறான், தாமதமாகிவிட்டது, அவசரப்பட்டு வீட்டுக்குப் போய்விடாதே என்று சொல்ல. இன்ஸ்பெக்டர் தன் போனிலிருந்து அவனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டு, "ஆறரை விமானத்துல எந்த சீட்டு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பக்கம் அழ ஆரம்பித்துவிட்டான். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

நாலு மணிக்கு டிரைவரை வெளியே விட்டார்கள். டெய்லர் அக்கா அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை, அவர் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். வெடியண்ணன் குட்டியைத் தடவிக்கொடுத்தார்.

விடுவிக்கும் காகிதத்தை இன்ஸ்பெக்டர் மேஜையில் தள்ளினார். குரலில் பழைய மிடுக்கு இல்லை. "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புப்பா."

டிரைவர் பேனாவைத் தொடவில்லை. காகிதத்தை மனைவியிடம் கொடுத்து, படி என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள்.

"இன்று காலை ஒன்பது மணிக்கு விசாரணைக்காக அழைத்து வரப்பட்டார்னு போட்டிருக்கு."

எனக்கு உறைத்தது. பிடித்தவரை ஒரு நாளுக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். முந்தாநாள் பிடித்த ஆளை இன்று காலை பிடித்ததாக எழுதியிருக்கிறார்கள்.

"அது சும்மா நடைமுறைம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"பலகையும் நடைமுறைதான் சார்," என்றார் அண்ணி.

டிரைவர் காகிதத்தை வாங்கி மேஜையில் வைத்தார். ரொம்ப அமைதியாகப் பேசினார். "முந்தாநாள் காலைல எட்டே முக்காலுக்கு என்னை ஜீப்புல ஏத்துனீங்க. என் கையில சோப்பு நுரைகூடக் காயல. அதை எழுதுங்க. அப்புறம் போடுறேன்."

எழுதினால் தன் வேலைக்கே ஆபத்து என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அதைக் கேட்டு வெடியண்ணன் ஒரு மாதிரியாக அவரைப் பார்த்தார். டிரைவர் சுவர் ஓரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். காலையிலிருந்து ஒரு தடவைகூட உட்காராத டெய்லர் அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணி அவளுக்குப் பக்கத்தில். அதற்குப் பக்கத்தில் வெடியண்ணன், குட்டியோடு. இடம் இல்லாததால் நான் நின்றேன்.

ஐந்தரை மணிக்கு இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறந்தார்.